ஏழுமலை பார்த்த படம்

போன மாதம் என் பழைய கல்லூரியிலிருந்து கவிதா போன் செய்தார். நான் ஓய்வுபெற்ற பிறகு அங்கே உளவியல் நடத்துகிறவர்.

"சார், ஒரு படம் போட்டுக் காட்டி, கதாபாத்திரங்களை ஒழுக்க வளர்ச்சிப் படிகள்ல வைக்கச் சொன்னேன். மொத்த வகுப்பும் ஒரே மாதிரி எழுதிக் கொண்டாந்திருக்கு. ஹீரோவுக்கு ஆறு, ஹீரோவோட அம்மாவுக்கு அஞ்சு, வில்லனுக்கு ஒண்ணு. போன்ல ஏ.ஐ.கிட்ட கேட்டிருக்காங்க, அது சொன்னதை அப்படியே எழுதிட்டாங்க. நீங்க இருந்தப்ப எப்படி சார் நடத்தினீங்க? கொஞ்சம் எழுதித் தாங்களேன்."

போனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதற்கு முன்னால் கடையில் விற்கும் நோட்ஸ் இருந்தது. அதிலும் ஹீரோவுக்கு ஆறுதான். நோட்ஸுக்கு முன்னால் நான் இருந்தேன். நானும் முதல் வருஷம் ஹீரோவுக்கு ஆறுதான் போட்டேன்.

நான் வேலை பார்த்தது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பி.எட். கல்லூரி, பெயர் வேண்டாம். இப்போது வேடந்தாங்கல் போகிற சாலையில் குடியிருக்கிறேன். பனிக்காலம் வந்தால் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "பறவையெல்லாம் வந்திருச்சா சார்?" என்று என்னைக் கேட்பார்கள், ஏதோ அழைப்பிதழ் அனுப்பியவன் நான் என்பதுபோல. "அதுங்க வந்தாச்சு, நீங்கதான் லேட்" என்பேன். இந்த மாதிரி பதில்களால் பணியில் இருந்தவரை எனக்கு நண்பர்கள் குறைவு.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தமிழில் எம்.ஏ., பிறகு எம்.எட்., பிறகு அஞ்சல் வழியில் உளவியல். சில வருஷம் பள்ளிக்கூடத்தில் மல்லுக்கட்டிவிட்டுக் கல்லூரிக்கு வந்தேன். அந்த ஆறு படிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாயிலிருந்து வருவதை எப்படிக் காதில் வாங்குவது என்பதை மட்டும் துறைத் தலைவர் ஸ்டெல்லா மேடத்திடம் கற்றுக்கொண்டேன்.

படிகள் தெரியாதவர்களுக்கு நான் ஹெல்மெட்டை வைத்துச் சொல்வது வழக்கம். ஒருவன் ஹெல்மெட் போடுகிறான். போலீஸ் பிடிக்குமே என்று போட்டால் அது முதல் படி. போட்டால்தான் அப்பா வண்டிச் சாவி தருவார் என்றால் இரண்டாவது. வீட்டில் உள்ளவர்கள் நல்ல பிள்ளை என்று நினைக்க வேண்டும் என்றால் மூன்றாவது. சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஆளாளுக்கு மீறினால் ஊர் என்னாவது என்றால் நான்காவது. நம் எல்லாருடைய உயிருக்காகவும் நாமே ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது, சரியில்லை என்றால் மாற்றவும் நமக்கு உரிமை உண்டு என்றால் ஐந்தாவது. ஆறாவதற்கு ஹெல்மெட் போதாது. சம்பந்தப்பட்ட யாருடைய இடத்தில் நின்று பார்த்தாலும் இது நியாயம்தானா என்று கேட்டு, அதன்படி நடப்பவன் அங்கே இருக்கிறான். அப்படி ஒருவரை நேரில் பார்த்ததாக நான் சத்தியம் செய்ய மாட்டேன். முதல் ஐந்து பேர் தலையிலும் இருப்பது ஒரே ஹெல்மெட்தான், காரணம்தான் வேறு வேறு. மாணவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டுப் போய் ஹீரோவுக்கு ஆறு போடுவார்கள்.

ஸ்டெல்லா மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ரிமோட். படத்தை முடிவுக்கு முன்னால் நிறுத்திவிடுவார். வகுப்பே "ஐயோ மேடம்" என்று கத்தும். "முடிவு தெரிஞ்சா எல்லாரும் ஜட்ஜ் ஆயிடுவீங்க" என்பார். ஒவ்வொரு பாத்திரமும் ஏன் அப்படிச் செய்கிறது என்ற காரணத்தைப் பேனாவில் எழுத வேண்டும். படியின் எண்ணைக் கடைசியில், பென்சிலில். எண் காரணத்துக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை என்பதை அவர் சொல்லாத நாளே கிடையாது.

பார்த்தவர்களைக் கேள்வி கேட்பதற்கும் விதி உண்டு. கேட்கிறவர் "ஏன்?" என்றும் "அப்புறம்?" என்றும்தான் கேட்கலாம். பதில் ஓய்ந்துவிட்டால் கதையில் ஒன்றை மாற்றி, இப்படியென்றால் என்ன சொல்வீர்கள் என்று கேட்கலாம். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. "தலையை ஆட்டாதீங்க சார். நீங்க ஆட்டினா அவங்க உங்களுக்குப் பிடிச்சதையே சொல்லுவாங்க" என்று பின்வரிசையில் நின்று என்னைப் பிடித்துவிடுவார். இன்னொன்று, படத்தில் இல்லாத எதையாவது பார்த்தவர் தன் பதிலில் சேர்த்துச் சொன்னால் அதைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். படத்தில் இல்லாதது அவர் கொண்டுவந்தது. அவருடைய நிஜமான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக நாற்காலிகள். நிஜமான நாற்காலிகள். கதையில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்று போட்டு, ஒரே ஆளை எல்லாவற்றிலும் மாறி மாறி உட்கார்ந்து அந்தந்த ஆளாகப் பேசச் சொல்வார். எங்கே வார்த்தை சரளமாக வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

இவ்வளவு விதிகள் வைத்திருந்ததால் நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நான்காம் நம்பர் என்று பெயர் வைத்திருந்தோம். சட்டம் சட்டம் என்று நிற்கிற படி அது. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு தடவை வில்லனின் அடியாளுக்கு வகுப்பே ஒன்று போட்டிருந்தது. மேடம் கேட்டார்: "அவன் ஏன் செத்தான்?"

"வில்லனைக் காப்பாத்த குறுக்க பாய்ஞ்சான் மேடம்."

"அடிக்குப் பயந்தா?"

"இல்ல மேடம்."

"காசுக்கா?"

"செத்தப்புறம் காசு எதுக்கு மேடம்?"

"அப்ப?"

கடைசியில் ஒருத்தி மெதுவாக, "சோறு போட்டவரு, இவன் என்னைக் கைவிட்டுட்டான்னு சொல்லிடக் கூடாதுன்னு" என்றாள். அடியாள் மூன்றாம் படிக்கு ஏறி, வகுப்பு மூன்று போட்டிருந்த ஹீரோவின் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் அதுவரை நடத்தியது எதுவும் பாடமே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இனி ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அறையில் பேசியது அறையோடு என்பதும் மேடத்தின் விதிதான். அதனால் தேவகியிடமும் அவள் கணவரிடமும் கேட்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஏழுமலை என்ற மாற்றுப் பெயரை அவரே தேர்ந்தெடுத்துச் சொன்னார்.

தேவகி எங்கள் மாணவி. கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகு பி.எட். சேர்ந்தவள். சதுரங்கப்பட்டினத்தில் வாடகை வீடு. கணவர் ஏழுமலை கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட் முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அதே முதலாளிக்கு ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. படிப்பு முடிந்ததும் தேவகிக்கு அங்கே வேலை என்று சொல்லியிருந்தார். இதை அவள் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சொல்லும்போது முகம் அப்படி மலரும்.

பி.எட். மாணவர்கள் எல்லாரும் பரீட்சைக்கு எழுதுகிற மாதிரியே பேசுவார்கள் என்பதால், வருஷத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு பெரியவரை அழைத்துவரச் சொல்வோம். அன்று கேள்விகள் வந்தவர்களுக்குத்தான். மாணவர்கள் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். அந்த வருஷம் ஒரு கண்டக்டர் வந்தார், சில அம்மாக்கள், ஒரு பால்காரர். தேவகியோடு ஏழுமலை வந்தார். தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

நாங்கள் போட்டது யாரும் கொண்டாடாத ஒரு பழைய படம். லாரி முதலாளியின் தம்பி, நாற்பது வயசுக்காரன், குடித்துவிட்டு லாரியை ஓட்டி, ஓரமாக நடந்துபோன ஒரு பெண்ணை அடித்துவிடுகிறான். அவள் இறந்துபோகிறாள். பக்கத்து சீட்டில் இருந்த டிரைவரிடம், நீதான் ஓட்டினாய் என்று சொல் என்கிறார் முதலாளி. டிரைவருடைய மகளின் ஆபரேஷனுக்கு உதவியவர் அவர். டிரைவர் போலீசில் ஒத்துக்கொள்கிறான். கோர்ட்டில் ஜட்ஜ், "குற்றம் உண்மையா?" என்று கேட்கிறார். டிரைவர் வாயைத் திறக்கிறான். அங்கே மேடம் நிறுத்தினார்.

கேள்வி கேட்டவன் நான். கண்டக்டர் சட்டம் பேசினார், அம்மாக்கள் அந்த டிரைவரின் குழந்தைக்காக அழுதார்கள். பிறகு ஏழுமலையிடம் வந்தேன்.

"டிரைவர் என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?"

"நான்தான் ஓட்டுனேன்னு சொல்லணும் சார்."

"ஏன்?"

"முதலாளி உதவி பண்ணிகிறாரு இல்ல. அத்த மறந்துட முடியுமா?"

"அப்புறம்?"

"வாக்கு குடுத்துட்டான் சார். போலீஸ்ல ஒண்ணு, கோர்ட்ல ஒண்ணு பேசினா அவன் மனுசனா?"

சுத்தமான மூன்றாம் படி. பென்சிலை எடுக்க எனக்குக் கை அரித்தது. ஆனால் விதிப்படி கதையில் ஒன்றை மாற்றிக் கேட்டேன். "சரி, முதலாளி எந்த உதவியும் பண்ணலைன்னு வச்சுக்குங்க. அப்பவும் அதையே சொல்லணுமா?"

ஏழுமலை நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"அப்பவும்தான் சார். ஓட்டுனவன் சின்னப் பையன். இட்ச்ச ஒடனே ஸ்டியரிங்க புட்ச்சிகினு நடுங்கறான். அண்ணா அண்ணான்னு அழுவறான். காலேஜி படிக்கிற புள்ள, உள்ள போனா லைஃபே பேஜாரு. அந்தாளு சைக்கிளு அந்தாண்ட கெடக்குது. தண்ணி கேனு ரோட்ல உருண்டுகினே போவுது சார். அது பாட்டுக்குப் போய்க்கினே கீது..."

"யோவ் அண்ணாத்த," என்றார் கண்டக்டர், "படத்துல ஏது சைக்கிளு, ஏது கேனு? நடந்து போன பொம்பள இல்ல அடிபட்டுச்சு? ஓட்டுனவன் குடிகாரன், உனுக்கு அவன் சின்னப் பையனா?"

அரங்கமே சிரித்தது. ஏழுமலையும் சிரிக்கப் பார்த்தார். "வேற படம் நெனப்புல கலந்துகிச்சு சார்" என்றார்.

நான் திரும்பி மேடத்தைப் பார்த்தேன். அவர் தேவகியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவகி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவளுக்கு ஏதோ ஒன்று முழுசாகப் புரிந்துவிட்டிருந்தது.

"இன்னிக்கு இது போதும். டீ வந்திருக்கும், குடிக்கலாம்" என்றார் மேடம்.

எல்லாரும் டீக்குப் போனதும் தேவகி துறை அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், அவரு மேல ஒரு கேஸ் கீது. நான் இங்க யாருகிட்டயும் சொல்லல. மாமல்லபுரத்துலேர்ந்து வர்ற ரோட்ல, காலைல, தண்ணி கேன் போடறவரு சைக்கிள்ல வந்துகினு இருந்தாரு. முதலாளி காரு மோதி செத்துட்டாரு. நான்தான் ஓட்டுனேன்னு போலீஸ்ல சொன்னாரு. எங்கிட்டயும் அதான் சொன்னாரு. கார்ல முதலாளி பையனும் இருந்தான்னு இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறக்கல. திங்கக்கிழமை கோர்ட்டு. குத்தத்த ஒத்துக்கினா சுருக்கா முடிஞ்சிரும்னு முதலாளி வச்ச வக்கீல் சொல்லிகிறாரு."

மேடம் கையிலிருந்த ரிமோட்டை மேசையில் வைத்தார்.

"செத்தவரு சம்சாரம் எங்களுக்குப் பின்தெரு மேடம். அந்தம்மா வாசல்ல நின்னு திட்டுவாங்க, மண்ண வாரித் தூத்துவாங்க. ஒரு வருசமா அந்தத் தெருவுல போவாம, டச்சுக் கோட்டைப் பக்கமா சுத்திகினு போய் பஸ்ஸு ஏறறேன். முதலாளி வேலை தரேன்னது நான் நல்லா படிக்கிறேன்னுதான்னு நெனச்சிகினு இருந்தேன்." இப்போது அழுதாள். "எனக்காவ உள்ள போறாருன்னா அது எந்தப் படி மேடம்? ரெண்டா, மூணா? சொல்லுங்க."

"ஆளுக்கு நம்பர் போடக் கூடாதுன்னு உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் இல்ல" என்றார் மேடம். கடுமையாகத்தான் சொன்னார். ஆனால் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

நான் மேடத்தை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னேன்: "மேடம், இது கோர்ட் விஷயம். நம்ம பேச்சைக் கேட்டு அவர் மாத்திச் சொன்னா நாளைக்கு நம்மளையும் இழுப்பாங்க. முதலாளி பெரிய இடம். தவிர, அறையில பேசினது அறையோடன்னு நீங்களே வச்ச விதி."

"இதுல எது சார் உங்களோட நிஜமான காரணம்? பயமா, விதியா?"

எரிச்சலாக இருந்தாலும் உண்மையைச் சொன்னேன். "பயம்தான்."

"அப்ப அது ஒண்ணு" என்றார், சிரிக்காமல். "நான் அவருக்கு எதுவும் சொல்லப் போறதில்ல. பாதியில நிறுத்தினேன், மீதியைக் கேக்கப் போறேன்."

ஏழுமலையை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினோம். தேவகி அலமாரிப் பக்கம் நின்றுகொண்டாள். மேடம் நான்கு நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டார். படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும், விருப்பமில்லை என்றால் போய்விடலாம் என்றார். ஏழுமலை மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. போகவில்லை.

"இது அந்தப் படத்து முதலாளி நாற்காலி. உக்காந்து முதலாளியாப் பேசுங்க."

ஏழுமலை நுனியில் உட்கார்ந்தார். நன்றாக உட்காருங்கள் என்றதற்கு, "பரவால்ல மேடம்" என்றார். ஆனால் பேச்சு தயங்காமல் வந்தது. "இன்னாப்பா, நான் உனக்கு இன்னா கொறை வச்சேன்? கொஞ்ச நாளு பல்லக் கட்ச்சிகினு இரு. வூட்ட நான் பாத்துக்கறேன். உன் சம்சாரத்துக்கு ஸ்கூல்ல..." என்று வந்து நின்றுவிட்டார். படத்து டிரைவரின் மனைவிக்கு எந்த ஸ்கூலும் கிடையாது. மேடம் கண்டுகொள்ளாதவர்போல அடுத்த நாற்காலியைக் காட்டினார்.

டிரைவரின் நாற்காலியில் அவருக்கு ஒரே வாக்கியம்தான் இருந்தது. "சரிங்க முதலாளி."

"இது டிரைவரோட சம்சாரம்."

அவர் எழுவதற்குள் தேவகி வந்துவிட்டாள். "அது என் எடம்" என்று உட்கார்ந்தாள். மேடம் தடுக்கவில்லை. அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, அவரிடம்தான் பேசினாள்.

"எனக்கு வேலை வேணும்னு நான் கேட்டேனா? கொலகாரன் பொண்டாட்டின்னு தலையக் குனிஞ்சிகினு போறேன், அத்தப் பாத்துகினுதான இருந்தே? ஒரு நாளு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லணும்னு தோணல இல்ல?"

"சொன்னா நீ வேணாம்னுவே."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் கேட்டிருக்கணும்."

வெளியே டீ டம்ளர்களைக் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்த அறையைவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள வேண்டியதை நாம் ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

மேடம் நான்காவது நாற்காலியைத் தொட்டார். "இது செத்துப்போனவங்க வீடு. படத்துல அந்த வீட்டைக் காட்டவே இல்ல. பாத்த யாரும் அதைப் பத்தி இன்னிக்கு ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. நீங்க இதுல உக்காந்து பேசுங்க."

ஏழுமலை எழுந்து அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

"முடியாது மேடம்."

"ஏன்?"

அவர் அழுதார். பெரிய உடம்பு, சத்தமே வராமல் அழுதது. மேடம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. "சரி, போயிட்டு வாங்க" என்றார். அவர்கள் பைக்கில் ஏறிப் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம், இவ்வளவு தூரம் வந்துட்டு, உண்மையைச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சொல்லுவார் சார். மேடம் சொன்னாங்கன்னு சொல்லுவார். முதலாளி சொன்னாருன்னு போலீஸ்ல சொன்னார் இல்ல, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ கருத்தரங்குகளுக்குப் போய் எத்தனையோ பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றுக்குச் சமமாக எதையும் நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை மேடம் விடுப்புப் போட்டார். எங்கே போகிறார் என்று தெரிந்து நானும் போட்டேன். கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். தேவகி முன்னால் இருந்தாள், எங்களைப் பார்த்தாளா என்று தெரியாது. பெண்கள் பக்கம் சுவரோரமாக ஓர் அம்மா, நெற்றியில் எதுவும் இல்லாமல், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜட்ஜ் குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி, உண்மையா என்று கேட்டார். சனிக்கிழமை மேடம் படத்தை நிறுத்திய இடம் அது. ஏழுமலை கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஓட்டல ஐயா. முதலாளி பையன் ஓட்டினான். நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்."

முதலாளி வைத்த வக்கீல் விருட்டென்று எழுந்தார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "போலீஸ்ல வேற மாதிரி சொல்லியிருக்கே. இன்னிக்கு ஏன் மாத்திச் சொல்றே? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"யாரும் சொல்லல ஐயா." அந்தச் சுவரோரத்தைப் பார்க்காமலேதான் பேசினார். "அந்தம்மா ஒரு வருசமா என்னத் திட்டிகினு கீறாங்க. அவங்க யாரத் திட்டணும்னு அவங்களுக்குத் தெரியணும் இல்ல."

திரும்பும்போது பஸ்ஸில் மேடத்திடம் கேட்டேன். "இது எத்தனையாவது மேடம்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், "தெரியல சார்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கவிதா, நீங்கள் கேட்டாலும் என் பதில் அதுதான். ஏழுமலை சொன்ன காரணத்தை உங்கள் மாணவர்களுக்குக் கொடுங்கள், எண்ணை அவர்களே தேடட்டும். போனிடம் கேட்டால் அது ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லத்தான் செய்யும். ஏன் என்று அதையும் கேட்கச் சொல்லுங்கள்.

உண்மை சொன்னதற்காக யாரும் அவருக்கு மாலை போடவில்லை. வேலை அன்றைக்கே போனது. வழக்கு அந்தப் பையன் மேல் திரும்பியது, போலீசில் பொய் சொன்னதற்காக ஏழுமலை மீதும் தனியாக ஒன்று வந்து, சில வருஷம் அலைந்தார். பிறகு மதுராந்தகம் பக்கம் பள்ளி வேன் ஓட்டினார். தேவகிக்கு முதலாளியின் பள்ளிக்கூடம் இல்லையென்று ஆனது. வேறு இடத்தில், வெகு நாள் கழித்துத்தான் வேலை கிடைத்தது. மேடம் ஓய்வுபெற்று மகளோடு இருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த நான்காம் நம்பர் என்ற பெயரை நான் அந்த பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

இதை எழுத அனுமதி கேட்கப் போனபோதுதான் தேவகி எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். கோர்ட்டில் பேசிய அந்த வாரத்திலேயே, ஒரு மத்தியானம், பின்தெரு அம்மா அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாராம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று தேவகி பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அந்த அம்மா அவளைப் பார்க்கவே இல்லை.

"நீ பக்கத்துல இருந்தேன்னியே," என்று ஏழுமலையைக் கேட்டிருக்கிறார். "அவுரு கடசியா இன்னா பேசினாரு?"

கணவரைக் கொன்றவனிடம் ஒரு பெண் அதைக் கேட்க முடியாது. அதனால் ஒரு வருஷமாகக் கேட்காமலே இருந்திருக்கிறார். பதில் தெரிந்த ஒரே ஆள் முன்தெருவில்தான் இருந்திருக்கிறார்.

ஏழுமலை வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கார் சைக்கிளைத் தூக்கி எறிந்தது, அடிபட்டவர் தலையைத் தன் மடியில் வாங்கியது, அவர் திணறித் திணறிச் சொன்ன இரண்டொரு வார்த்தைகள், பிள்ளைகளின் பெயர்கள். அந்த அம்மா அழவில்லையாம், குறுக்கே ஒன்றும் கேட்கவும் இல்லையாம். அவர் சொல்லி முடித்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாராம்.

"இன்னொரு தபா சொல்லு" என்றாராம்.